பதினாறில் மூன்று

ஆரணி என்று சொன்னதும் பட்டுச்சேலையா என்று கேட்பார்கள். அது திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி. எங்கள் ஆரணி திருவள்ளூர் மாவட்டத்தில், பெரியபாளையத்தை ஒட்டி, ஆரணியாற்றின் கரையில் இருக்கிறது. ஆந்திரத்தில் பிறக்கும் அந்த ஆறு பிச்சாட்டூர் அணையைத் தாண்டி, ஊத்துக்கோட்டை வழியாக எங்களிடம் வந்து, பொன்னேரியைக் கடந்து பழவேற்காட்டுப் பக்கம் போய்ச் சேர்கிறது. அண்ணன் இன்னும் இங்கே நெல் வைக்கிறார். இந்த ஆடியில் அவர் வயலில் நிற்பது சொர்ணவாரிப் பயிர், டி.கே.எம். 9. சிவப்பரிசி. நூறு, நூற்றைந்து நாளில் அறுப்புக்கு வந்துவிடும்.

அண்ணன் மகள் பல்கலைக்கழகம் ஒன்றில் பயிர் மரபியலில் ஆய்வு செய்கிறாள். ஆவணியில் அவர்கள் துறையில் இரண்டு நாள் கருத்தரங்கு. அதற்கு முன் வெள்ளிக்கிழமைதோறும் ஆய்வு மாணவர்கள் ஒவ்வொருவராகப் பேசிப் பழகும் செமினார். இருபது நிமிடம் பேச வேண்டும், பத்து நிமிடம் கேள்வி. அவள் முறை வருகிற வெள்ளிக்கிழமை. நிரலை என்னிடம் காட்டினாள். வறட்சி, உவர்நிலம், மரபணுத் திருத்தம், இலைக்கருகல் என்று தலைப்புகள் வரிசையாக இருந்தன. அவள் தலைப்பில் பாதி எழுத்தும் எண்ணுமாக இருந்தது. இது என்னடி என்று கேட்டேன்.

"நம்ம மாவட்டத்து நெல்லைப் பத்திதான் அத்தை. திங்கக்கிழமை திரூர் போறேன். நீங்களும் வர்றீங்களா?"

கிளம்பிவிட்டேன்.

காலை ஆறு மணிக்கு ஆரணி நிறுத்தத்தில் நின்றபோது கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய பிள்ளைகள் ஏறினார்கள். அவர்களில் பலருடைய அப்பாக்களை எனக்குத் தெரியும். எல்லாரும் நாற்று நட்டவர்கள். மாதச் சம்பளம் வேண்டும் என்று பிள்ளைகள் போவதில் தவறே இல்லை. ஆனால் ஒரு வயலை நம்பி அடுத்த தலைமுறை நிற்காதபோது, அந்த வயலைப் பற்றிய அறிவும் வீட்டை விட்டுப் போய்விடுகிறது. எங்கள் வீட்டில் அந்த அறிவு வேறு வழியாகத் திரும்பி வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டே ஷேர் ஆட்டோவில் ஏறினேன்.

பெரியபாளையத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் இன்னும் கலையவில்லை. ஆடி மாதம் முழுக்க பவானி அம்மன் கோயிலைச் சுற்றி இப்படித்தான். மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய குழந்தைகள், வேப்பிலை ஆடை கட்டி நேர்த்திக்கடன் முடித்த குடும்பங்கள், மஞ்சள் தண்ணீர் ஓடிய தெரு. திருநின்றவூர் பஸ்ஸில் இடம் பிடித்து உட்காரவே அரை மணி நேரம் ஆயிற்று.

வெங்கல், தாமரைப்பாக்கம், பிறகு கொசஸ்தலையாறு. இந்தச் சாலையில் ஒரு வயல் இருந்தால் பக்கத்தில் ஒரு மனைப்பிரிவு இருக்கிறது. மஞ்சள் அடித்த கற்களுக்கு நடுவே போன போகத்துத் தப்புப் பயிர் இரண்டு மூன்று தூர் கதிர் விட்டிருந்ததைப் பார்த்தேன். யாரும் விதைக்காமல், யாரும் நீர் பாய்ச்சாமல், மழையை மட்டும் வைத்துக்கொண்டு.

திருநின்றவூரில் மின்சார ரயில். வேப்பம்பட்டுக்கு அடுத்தது செவ்வாப்பேட்டை ரோடு. அங்கே இறங்கித் திரூருக்குப் போக வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நெல் ஆராய்ச்சி நிலையம் அங்கேதான் இருக்கிறது. டி.கே.எம். என்ற மூன்று எழுத்துக்கு விரிவு திரூர்குப்பம். அண்ணன் முப்பது வருடமாக அந்தப் பெயரைச் சொல்லி விதை வாங்குகிறார். அது எங்கள் வீட்டிலிருந்து ஒரு காலைப் பயணத் தூரத்தில் இருக்கும் ஊரின் பெயர் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அண்ணன் மகள் முன்னதாகவே அனுமதி கேட்டு வைத்திருந்தாள். வரப்பில் நடந்தோம். பாத்தி பாத்தியாகப் பயிர், ஒவ்வொரு பாத்தியின் தலையிலும் எண் எழுதிய சிறு பலகை. ஒரு பாத்தி பச்சையாக நிற்க, பக்கத்துப் பாத்தி பழுத்துச் சாய்ந்திருந்தது. ஒன்று முழங்கால் உயரம், ஒன்று இடுப்பளவு. வயல் என்றால் ஒரே நிறத்தில் அலையடிப்பது என்று பழகிய கண்ணுக்கு இது கலைந்த வகுப்பறை மாதிரி இருந்தது. இங்கே ஒவ்வொரு பாத்தியும் ஒரு கேள்வி என்றாள் அவள்.

நெல்லை நெல்லோடு கலப்பது எப்படி என்று அங்கே தொட்டிகளில் வளர்த்த பயிரை வைத்துக் காட்டினாள். நெற்பூவில் ஆணும் பெண்ணும் ஒன்றாகவே இருக்கும். உமி திறந்து மூடுவதற்குள் தன் மகரந்தத்தாலேயே சூல் பிடித்துவிடும். அதனால் கலப்பு செய்ய நினைப்பவர் முந்தின நாள் சாயங்காலமே வந்து, தாயாக எடுத்துக்கொண்ட பயிரின் ஒவ்வொரு பூவிலும் உமியின் நுனியைக் கத்தரித்து, உள்ளே இருக்கும் ஆறு மகரந்தப் பைகளையும் ஊசி முனையால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். ஒன்று தங்கினாலும் வேலை வீண். பிறகு கதிருக்கு வெண்ணெய்த்தாள் உறை. மறுநாள் காலை ஒன்பது, பத்து மணிக்குத் தகப்பன் பயிர் பூத்ததும், அந்தக் கதிரைக் கொண்டுவந்து மேலே உதற வேண்டும். தாய் பெயர், தகப்பன் பெயர், தேதி எழுதிச் சீட்டுக் கட்ட வேண்டும். ஒரு கதிரில் பிடிப்பது பத்தோ இருபதோ மணிதான்.

அந்த வேலையை அரை மணி நேரம் பார்த்தேன். வயதான பெண்மணி ஒருவர் கண்ணருகே கதிரைப் பிடித்தபடி பை பையாக எடுத்துக்கொண்டிருந்தார். பூக்கட்டுகிறவர்களின் விரல் வேகம். கருத்தரங்கு மேடையில் காட்டப்படும் படங்களில் இந்த விரல்கள் வருவதில்லை. வர வேண்டும்.

இப்படி ஒரு கலப்பில்தான் டி.கே.எம். 6 பிறந்தது. தாய் ஜி.இ.பி. 24, தகப்பன் கோ 18. வெளியிட்ட ஆண்டு 1952. ஜி.இ.பி. என்பது அரசுப் பொருளாதாரத் தாவரவியலாளர் என்ற பழைய மதராஸ் மாகாணப் பதவியின் சுருக்கம். 1912-இல் கோயம்புத்தூரில் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1921-இல் வெளிவந்த அந்த ரகத்தை மக்கள் கிச்சிலிச் சம்பா என்றார்கள். சன்ன அரிசி, நல்ல சோறு. அதன் பிள்ளைதான் திரூரின் டி.கே.எம். 6.

பிலிப்பைன்ஸில் 1960-இல் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கியது. 1966-இல் ஐ.ஆர். 8 வந்தது. விளைச்சல் அள்ளிக் கொடுத்தது, ஆனால் பூச்சிக்கும் நோய்க்கும் எளிதாகப் பலியாயிற்று. எந்த நெல்லுக்குக் குருத்துப்பூச்சியைத் தாங்கும் சக்தி இருக்கிறது என்று உலகமெங்கும் இருந்து வந்த ஆயிரக்கணக்கான ரகங்களைச் சோதித்தார்கள். தேறியவற்றில் ஒன்று டி.கே.எம். 6. அதை வைத்துக் கலந்து 1969-இல் வெளியிட்டதுதான் ஐ.ஆர். 20.

ஐ.ஆர். இருபது! என் வயதுக்காரர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. எழுபதுகளில் எங்கள் வீட்டுப் பானையில் வெந்த சோறு அது. வெளிநாட்டு அரிசி என்று பாட்டி முதலில் முகம் சுளித்தாராம். அந்த அரிசியின் பெற்றோரில் ஒன்று செவ்வாப்பேட்டை ஸ்டேஷனில் இறங்கி நடந்து போகும் தூரத்தில் பிறந்தது என்று அவருக்குச் சொல்ல அன்றைக்கு யாரும் இல்லை.

அத்தோடு கதை முடிந்திருந்தால் அவள் இருபது நிமிடம் பேச வேண்டியதில்லை. அடுத்தது புகையான்.

புகையான் என்பது நெல்லின் தூரில் அடை அடையாகக் குந்திச் சாறு உறிஞ்சும் பழுப்பு நிறத் தத்துப்பூச்சி. மேலே இலை பச்சையாக இருக்கும்போதே கீழே வேலையை முடித்துவிடும். பிறகு ஒரே வாரத்தில் வயல் நடுவே வட்ட வட்டமாகத் தீய்ந்து, புகை மூட்டம் போட்ட மாதிரி காய்ந்துபோகும். அதனால்தான் அந்தப் பெயர். என் சிறு வயதில் ஒரு முறை எங்கள் வயலில் விழுந்தது. அப்பா வரப்பில் உட்கார்ந்து அந்த வட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு நினைவிருக்கிறது. அறுத்து மாட்டுக்குப் போடக்கூட வைக்கோல் தேறவில்லை.

டி.கே.எம். 6 குருத்துப்பூச்சியைத் தாங்கும், புகையானைத் தாங்காது. ஐ.ஆர். 8-ம் தாங்காது. ஆனால் இரண்டையும் கலந்து வளர்த்த வாரிசுகளில் சில, புகையான் நடுவே நிமிர்ந்து நின்றன. தாங்காத தாய்க்கும் தாங்காத தகப்பனுக்கும் தாங்குகிற பிள்ளை எப்படி?

வரப்போரத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, குச்சியால் மண்ணில் பதினாறு கட்டம் போட்டு அவள் எனக்கு விளக்கினாள். மார்ட்டினெஸ், குஷ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1974-இல் சொன்ன விளக்கம் அது. டி.கே.எம். 6-க்குள் புகையானை எதிர்க்கும் மரபணு இருக்கிறது. கூடவே, அதை வேலை செய்யவிடாமல் அடக்கி வைக்கும் இன்னொரு மரபணுவும் இருக்கிறது. ஐ.ஆர். 8-இடம் எதிர்க்கும் மரபணு இல்லை, அடக்குகிறதும் இல்லை. முதல் தலைமுறையில் எல்லாப் பயிரிலும் அடக்குகிற மரபணு ஒன்று வந்துவிடுவதால் எதுவும் தாங்காது. இரண்டாம் தலைமுறையில் மரபணுக்கள் பிரிந்து சேரும்போது, பதினாறு பங்கில் மூன்று பங்குப் பயிருக்கு எதிர்க்கும் மரபணு கிடைத்து, அடக்குகிறது கிடைக்காமல் போகும். அந்த மூன்றுதான் நிமிர்ந்து நின்றவை.

"பதிமூணு கட்டத்தை அழிச்சிட்டேன் பாருங்க அத்தை. மிச்சம் மூணு."

மண்ணில் இருந்த அந்த மூன்று கட்டங்களை வெகுநேரம் பார்த்தேன். தன்னிடம் இருப்பதைத் தானே காட்ட முடியாமல், இரண்டு தலைமுறை கழித்துப் பேரப்பிள்ளையிடம் வெளிப்படுத்தும் ஒரு நெல். முதல் தலைமுறையைப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று யாராவது தூக்கி எறிந்திருந்தால்? ஆராய்ச்சி என்பதே இரண்டாம் தலைமுறை வரை காத்திருக்கும் பொறுமைதானோ என்று தோன்றியது.

டி.கே.எம். 6-ஐக் கலந்து 1973-இல் வந்த ஐ.ஆர். 26 புகையானை நிறுத்தியது. இரண்டு மூன்று வருடங்களில் பூச்சி தன்னை மாற்றிக்கொண்டு அதையும் தின்னப் பழகியது. 1976-இல் வேறொரு மரபணுவோடு ஐ.ஆர். 36 வந்தது. அதன் வம்சாவளியிலும் திரூர் நெல் இருக்கிறது. ஒரைசா நிவாரா என்ற காட்டு நெல்லும் இருக்கிறது. எண்பதுகளில் ஐ.ஆர். 36 உலகில் ஒரு கோடியே பத்து லட்சம் ஹெக்டேரில் விளைந்தது. 1985-இல் வந்த ஐ.ஆர். 64-இலும் அதே ரத்தம். இந்தோனேசியாவிலும் வியட்நாமிலும் வங்கத்திலும் எத்தனை கோடிப் பேர் உண்ட சோற்றில் எங்கள் மாவட்டத்து மண் இருந்திருக்கிறது! அந்த மாவட்டத்தில், பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்த நெல் விவசாயிக்கு இது தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. இது எனக்கு வருத்தமாக இருக்கிறது. சோழன் கடல் கடந்த கதையைப் பள்ளியில் சொல்லித் தருகிறோம். நெல் கடல் கடந்த கதையைச் சொல்லித் தருவதில்லை.

செவ்வாப்பேட்டை நடைமேடையில் ரயிலுக்குக் காத்திருந்தபோது என்னையே சபையாக உட்காரவைத்துப் பேசிப் பார்த்தாள். ஆங்கிலத்தில் தொடங்கினாள். நான் நிறுத்தி, மரத்தடியில் சொன்ன மாதிரி தமிழில் சொல்லு என்றேன். சொன்னாள். புகையான் என்ற சொல் வந்த இடத்தில் அவள் குரல் மாறியது. ஆங்கிலத்தில் அந்தப் பூச்சிக்கு நிறமும் தாவும் குணமும்தான் பெயர். தமிழில் அது செய்த நாசமே பெயர். வெள்ளிக்கிழமையும் அந்தச் சொல்லை அப்படியே சொல் என்று கேட்டுக்கொண்டேன். பல்கலைக்கழகக் கருத்தரங்குகள் ஆங்கிலத்தில் நடப்பதற்குக் காரணம் உண்டு, கேட்க வருகிறவர்கள் பல மாநிலத்தவர். இருந்தாலும் இரண்டு நாளில் ஒரு மணி நேரம், ஒரே ஒரு மணி நேரம், பயிர் வைக்கிறவர்களை முன்வரிசையில் உட்காரவைத்து அவர்கள் மொழியில் பேசினால் ஆய்வு குறைந்துபோகாது.

அவளை மாலைக்குள் விடுதியில் விட வேண்டும். அம்பத்தூரில் இறங்கி, எஸ்டேட் வழியாக மதுரவாயல் வந்தோம். பாலங்களும் புறவழிச்சாலை இரைச்சலுமாக இருக்கும் அந்தச் சந்திப்பில் அவள் நின்றாள். "இங்கதான் ஜானகி அம்மாள் இருந்தாங்க" என்றாள்.

இ.கே. ஜானகி அம்மாள், 1897-இல் தலச்சேரியில் பிறந்து, சென்னையில் ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, 1931-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். கோயம்புத்தூரில் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தவர். 1939 ஆகஸ்டில் எடின்பரோவில் நடந்த ஏழாவது சர்வதேச மரபியல் மாநாட்டுக்குப் போனார். அந்த மாநாடு முதலில் மாஸ்கோவில் நடப்பதாக இருந்தது. தலைமை ஏற்க வேண்டிய ரஷ்ய விஞ்ஞானி வவிலோவ் வரவே இல்லை. உலகமெங்கும் போய்ப் பயிர் விதைகளைச் சேகரித்த அவர், மறு ஆண்டு கைதாகி 1943-இல் சிறையில் இறந்தார். மாநாடு முடிவதற்குள் ஐரோப்பாவில் போர் மேகம் சூழ்ந்து, வந்தவர்கள் நாட்டுக்கு நாடு சிதறினார்கள். ஜானகி அம்மாளால் ஊர் திரும்ப முடியவில்லை. போர்க்காலம் முழுவதும் இங்கிலாந்திலேயே தங்கி ஆராய்ச்சி செய்தார். 1945-இல் மரபியலாளர் டார்லிங்டனோடு சேர்ந்து அவர் வெளியிட்ட நூல், பயிரிடப்படும் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கையை ஒரே இடத்தில் தொகுத்தது. கடைசிக் காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறையின் மதுரவாயல் வெளிக்கள ஆய்வகத்தில் செடிகளோடு வாழ்ந்து, 1984 பிப்ரவரியில் இங்கேயே இறந்தார். அதற்கு இரண்டே மாதம் முன்பு, 1983 டிசம்பரில், அதே சர்வதேச மரபியல் மாநாடு புது தில்லியில் கூடியிருந்தது. தலைமை எம்.எஸ். சுவாமிநாதன். கும்பகோணத்தில் பிறந்த அவர் அப்போது பிலிப்பைன்ஸ் நெல் நிறுவனத்தின் தலைமை இயக்குநர்.

மாநாடு என்றால் சால்வையும் குழுப் படமும் என்று நினைத்திருந்தேன். ஒரு பெண் மாநாட்டுக்கென்று போய்ப் பல வருடம் ஊர் திரும்ப முடியாமல் இருந்ததும், ஒரு மனிதர் வர முடியாமலே போனதும் மாநாட்டின் கதைதான்.

பஸ் நிறுத்தத்தில் மீதி நிரலையும் படித்துக் காட்டினாள். 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட, மரபணுத் திருத்தம் செய்த இரண்டு நெல் ரகங்களைப் பற்றி ஒருவர் பேசுகிறார். அதில் ஒன்று சம்பா மசூரியிலிருந்து உருவானது. வெள்ளத்தில் இரண்டு வாரம் மூழ்கியும் பிழைக்கும் மரபணுவைப் பற்றி இன்னொருவர். ஒடிசாவின் பழைய நெல் ஒன்றிலிருந்து கிடைத்த அந்த மரபணு சி.ஆர். 1009 சப் 1 என்ற பெயரில் தமிழ்நாட்டு வயலுக்கும் வந்திருக்கிறது. 2015-லும் 2023 மிக்ஜாம் புயலிலும் வெள்ளம் கண்ட எங்கள் பக்கத்துக்கு இது வேண்டிய பேச்சு.

அப்போது அண்ணன் போன் செய்தார். போய்ச் சேர்ந்தீர்களா என்று கேட்கத்தான். அவள் ஸ்பீக்கரில் போட்டு, பதினாறு கட்டத்தை அப்பாவுக்கும் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அப்போ, நான் வைக்கிற ஒம்போதுலயும் அந்த மாதிரி ஏதாவது அடைச்சிக்கினு இருக்குமா? அதை யாராவது பாத்தாங்களா?"

அவள் சட்டென்று பதில் சொல்லவில்லை. டி.கே.எம். 9-இன் பெற்றோர் டி.கே.எம். 7-ம் ஐ.ஆர். 8-ம் என்று மட்டும் சொன்னாள். பிறகு நிரல் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் அப்பா கேட்டதை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொண்டாள்.

"அறுக்கிறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு கட்டுக் கதிர் எடுத்து வைங்கப்பா."

"வியாழக்கிழமை மிஷின் வருது. புதன்கிழமை வந்துடு. எந்தத் தூரு வேணும்னு நீயே பாத்து அறுத்துக்கோ."